அண்டாவில் ஏறிய கறுப்பு

இஞ்ஞாசிமுத்து யார் வீட்டிலும் பாத்திரத்தை மோந்து பார்க்காமல் தண்ணீர் குடித்ததில்லை. செம்பை வாங்குவார். மூக்கருகே கொண்டுபோவார். விளிம்பின் உள்பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்து நாக்கு நுனியில் வைப்பார். பிடிக்கவில்லையென்றால் வாசலில் துப்பிவிட்டு, குடிக்காமலே திருப்பிக் கொடுப்பார். கொடுத்தவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க மாட்டார். கெங்குவார்பட்டியில் அவரை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துபோனார்கள்.

"சம்மனசே வானத்துல இருந்து எறங்கி வந்து கஞ்சி ஊத்துனாலும் இவுக மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாக. சம்மனசு சட்டியத் தூக்கிக்கிட்டு வந்த வழியே திரும்பிப் போயிரும்" என்று அவர் மனைவி மதலேனாள் சொல்வாள்.

"மோட்சத்துல தங்கச் சட்டிதான் வச்சிருப்பாக. தங்கத்துல களிம்பு ஏறாது. அங்கன வந்தா நான் ஏன் மோக்கப் போறேன்?" என்பார் இவர்.

செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசுவது அவர் தொழில். துருத்தி, கரிச்சாக்கு, குறடு, நவாச்சார உப்புப் பொட்டலம், பஞ்சு, இவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியகுளம், ஜெயமங்கலம் என்று ஊர் ஊராகப் போவார். மதலேனாள் கூடவே போய்த் துருத்தி ஊதுவாள். இருபது வருஷத்தில் அவள் ஊதுகிற ஊத்துக்கு அவர் வாயைத் திறந்து கூட்டு, குறை என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. குறட்டால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்துவாள். இரண்டு தட்டினால் ஊதுவாள்.

அவர் அப்பன் செய்த வேலைதான். அப்பனிடமிருந்து கைப்பழக்கம் வந்தது. காரணம் வரவில்லை. செம்பு ஏன் கறுக்கிறது என்று கேட்டதற்கு, "சூடு பட்டா அழுக்கு வெளிய வரும்" என்று அப்பன் சொல்லிவிட்டார். இஞ்ஞாசிமுத்துவுக்கு அந்தப் பதில் போதவில்லை.

செம்பைக் காய்ச்சும்போது நிறம் வரிசையாக மாறும். முதலில் காய்ந்த சோளத்தட்டை நிறம். அடுத்து ஆரஞ்சு. அடுத்து கத்தரிப்பூ. கடைசியில் ஒரே கறுப்பு. கறுத்த தகட்டைக் கத்தி நுனியால் சுரண்டினால் மேலே கறுப்புத்தோல், அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் இன்னொரு மெல்லிய தோல், அதற்கும் கீழேதான் செம்பு. ஒரு முறை, கறுத்த தகட்டைத் தணலுக்குள் புதைத்து, துருத்தி ஊதாமல், மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி வைத்துப் பார்த்தார். ஆறிய பிறகு எடுத்தால், துலக்காமலே, தேய்க்காமலே, தகடு பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரிச் சிவந்து இருந்தது. அழுக்கு என்றால் அது எங்கே போயிற்று?

பெரியகுளத்தில் நகைவேலை செய்கிற ஒருவரிடம் போய்க் குன்றிமணித் தராசைக் கேட்டார். செப்புத் தகட்டைக் காய்ச்சுவதற்கு முன்னால் நிறுத்தார். கறுத்த பிறகு நிறுத்தார். அழுக்கு வெளியே வந்தது என்றாலும், ஏதோ எரிந்து போனது என்றாலும் எடை கூடக் காரணமில்லை. கூடியிருந்தது. தணலில் புதைத்துச் சிவப்பாக்கி மறுபடி நிறுத்தார். கூடியது போயிருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. கறுப்பு செம்பிலிருந்து கசிவது இல்லை. காற்றிலிருந்து ஏதோ ஒன்று வந்து செம்பின் மேல் குந்திக்கொள்கிறது. அதைக் கரி பிடுங்கும், நவாச்சாரம் விரட்டும். விரட்டிய அடுத்த மூச்சுக்குள் ஈயம் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். தாமதித்தால் காற்று திரும்ப வந்து குந்திவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஈயத்தைத் தேய்த்தாலும் சேம்பிலையில் விட்ட தண்ணீராக உருண்டு ஓடும், ஒட்டாது. தொழிலின் சூட்சுமம் முழுக்க அந்த ஒரு மூச்சுதான். நவாச்சாரப் புகை தொண்டையைக் கடிக்க, கண்ணில் நீர் வழிய, ஈயக்குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சு. அவர் பூசிய பாத்திரத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஊசிமுனை அளவு சிவப்புக்கூடத் தெரியாது.

களிம்பும் இந்தக் காற்றின் வேலைதான் என்று அவர் சொல்வார். புளிச்சாற்றைச் செம்பில் நிறைய ஊற்றி வைத்தால், அடியில் அவ்வளவாகப் பச்சை பிடிக்காது. சாறும் காற்றும் சந்திக்கிற கோட்டில்தான் பச்சை மோதிரம் மாதிரிப் பிடிக்கும். அந்தப் பச்சையை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். பளபளவென்று வெளிப்புறம் மின்னும் பாத்திரத்தைக் கண்டால் இன்னும் குமட்டும். வெளியே மின்ன வைக்கிற வீடு உள்ளே என்ன செய்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்துப் பழக்கம் அது. பாத்திரம் என்றால் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் முகம் தெரிய வேண்டும். ஈயத்தின் வெளுப்பு மங்கலானது, பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். தேய்க்கிற கைக்கு அது ஒட்டிக்கொண்ட அழுக்காகத் தெரியும். விடாமல் தேய்த்து, வெளுப்புப் போய்ச் சிவப்புத் தெரிந்ததும், அழுக்குப் போயிற்று என்று மனசு குளிரும். போனது அழுக்கு இல்லை. சோற்றுக்கும் செம்புக்கும் நடுவே இருந்த ஒரே தடுப்பு.

நாற்பத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. பினாங்கிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளீயம் நின்றது. சந்தையில் வெள்ளீயம் என்று விற்றதில் பாதி காரீயம். முதல் நாள் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வெள்ளீயக் குச்சியைக் காதோரம் வைத்து வளைத்தால் நெரிபடுகிற மாதிரி 'கிறீச்' என்று அழும். காரீயம் அழாது. காரீயத்தை வெள்ளைத் துணியில் தேய்த்தால் பென்சில் கோடு விழும். அதில் சமைத்துத் தின்றால் வயிறு இழுத்துப் பிடிக்கும், உள்ளுக்குள் இருந்து ஆளை அரிக்கும். இது தெரிந்த ஈயக்காரர்களே, தெரியாத மாதிரிப் பூசினார்கள். இஞ்ஞாசிமுத்து சந்தைக் குச்சியை வளைத்துப் பார்த்தார். அது அழவில்லை. அங்கேயே துப்பிவிட்டு வந்தார்.

அவரிடம் மிச்சம் ஏழு குச்சி இருந்தது. அதைச் சாம்பல் பானைக்குள் வைத்துவிட்டு, தொழிலைக் கட்டி வைத்தார். மதலேனாள் மாந்தோப்புக் கூலிக்குப் போனாள். இவர் கரி மூட்டம் போடப் போனார்.

அடுத்த வருஷம் அரிசி கிடைக்கவில்லை, கேப்பையும் மட்டாயிற்று. ஜெயமங்கலத்துக்கு மேற்கே மாந்தோப்பு வைத்திருந்த கருத்தக்கண்ணன், தன் தோப்பு வாசலில் கூழ்த்தொட்டி திறந்தார். தினமும் இருநூறு பேருக்குக் கேப்பைக்கூழ். ஜனங்கள் பசித்துக் கிடந்தார்கள் என்பது உண்மை. கருத்தக்கண்ணனுக்குச் சர்க்கார் பட்டம் ஒன்று வேண்டியிருந்தது என்பதும் உண்மை. தொட்டி வாசலில் கூழ் ஊற்றும் நேரத்தை எழுதுவதற்கு முன்னாலேயே அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்கள்.

கூழுக்கு என்று அவர் பழைய செப்பு அண்டாவை வெளியே எடுத்தார். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும், அவ்வளவு பெரியது. ஈயம் பூச ஆள் அனுப்பினார். மதலேனாள் வேண்டாம் என்றாள்.

"அந்தாளு பட்டத்துக்கு நம்ம குச்சியவா கரைக்கணும்?"

"பட்டத்துக்கு யாரு பூசுறா? இருநூறு வயித்துக்குப் பூசுறேன்."

ஏழில் நாலு குச்சி அந்த அண்டாவில் போயிற்று. முழுசாக ஒரு நாள் வேலை. முடித்து ஆறியதும் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டு, வெயிலில் சாய்த்துக் காட்டினார்.

"ஐயா, உள்பக்கம் புளி படக்கூடாது. செங்கத்தூள் கூடவே கூடாது. சாம்பலும் தேங்கா நாரும் போதும். மங்கலாத்தான் இருக்கும். அப்படியே விட்ரணும்."

கருத்தக்கண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சரிடா, சரிடா" என்றார். அண்டாவைத் துலக்கப் போகிற சங்கிலியம்மாள் அப்போது முப்பது தப்படி தள்ளிக் கிணற்றடியில் நின்றாள். அவள் காதில் இது எதுவும் விழவில்லை. யாரும் அவளைக் கிட்டே வரச் சொல்லவும் இல்லை. இஞ்ஞாசிமுத்துவும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஜில்லாவிலிருந்து ஒரு துரை கூழ்த்தொட்டியைப் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. கருத்தக்கண்ணன் வீட்டில் சுண்ணாம்பு அடித்தார்கள், வாழை கட்டினார்கள். அண்டாவை எட்டிப் பார்த்த கருத்தக்கண்ணன் முகத்தைச் சுளித்தார். உள்ளே அழுது வடிகிறது என்றார். துரை வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அண்டாவுக்குள் இறங்கித் தேய்க்க வேண்டும் என்று சங்கிலியம்மாளுக்கு உத்தரவாயிற்று.

ஒன்பதாம் நாள் அண்டா உள்ளும் புறமும் பொன்னாக மின்னியது. அன்று சாயங்காலம் கூழைக் காய்ச்சி, மோர் கலந்து, புளிக்கட்டும் என்று விடிய விடிய அதிலேயே விட்டார்கள். காலையில் துரை வந்தார். மாலை விழுந்தது. அவருக்கு வெள்ளி டம்ளரில் காய்ச்சின பால் கொடுத்தார்கள். அவர் பாலைக் குடித்துக்கொண்டே, ஜனங்கள் கூழ் குடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, காரில் ஏறிப் போனார்.

கார்ப்புழுதி அடங்குவதற்குள் முதல் ஆள் வாந்தி எடுத்தார். பிறகு வரிசையாக எடுத்தார்கள். வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குழந்தையின் மேலேயே எடுத்தார்கள். கேப்பை நிறத்தோடு ஒரு பச்சையும் கலந்த வாந்தி. வாயெல்லாம் இரும்பை நக்கியது போல இருக்கிறது என்று அழுதார்கள். கருத்தக்கண்ணன் செய்த முதல் காரியம் வைத்தியரைக் கூப்பிட்டது அல்ல. இரண்டு வண்டி மணல் கொண்டுவரச் சொன்னார். ஆட்கள் இன்னும் குனிந்து நின்றுகொண்டிருக்கையிலேயே, அவர்கள் காலடியில் மணலைக் கொட்டினார்கள். ஈக்கள் மணலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயின.

யாரும் சாகவில்லை. ஆனால் அறுபது பேருக்கு மேல் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பெரியகுளத்திலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் பொன்னுராஜ் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கருத்தக்கண்ணன் முதலில் சொல்லிவிட்டார்.

"ஈயக்காரப் பய காரீயத்தப் பூசிட்டான் சார். வெள்ளீயம்னு சொல்லி ஏமாத்திட்டான். இந்தக் காலத்துல எவன்கிட்ட வெள்ளீயம் இருக்கு?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஊர் பூராவும் காரீயம் பூசிக்கொண்டிருந்த காலம். கரிமூட்டத்தில் நின்றிருந்த இஞ்ஞாசிமுத்துவை இரண்டு ஆட்கள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். கேஸ் எழுதினால் ஜெயில். ஜெயிலைவிட, இஞ்ஞாசிமுத்து காரீயம் பூசினான் என்று ஒரு சொல் இந்தப் பள்ளத்தாக்கில் நின்றுவிட்டால், அதற்குப் பிறகு அவர் பிடிக்கிற குறட்டுக்கு அர்த்தமில்லை.

அவர் வந்து யாருக்கும் கும்பிடு போடவில்லை. நேரே அண்டாவிடம் போய்க் குனிந்தார். இரண்டு நாளாகக் கழுவாத கூழ் ஓரத்தில் காய்ந்து, கோடு போட்ட மாதிரிப் பச்சை படிந்திருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் திரும்பி மணலில் துப்பினார்.

"ஏலே, பேச்சக் காணோம்?" என்றார் கருத்தக்கண்ணன். "பூசுனது நீதான?"

"நான்தான் பூசுனேன். ஆனா நான் பூசுனது இதுல இல்ல."

"எங்க போச்சு? பறந்து போச்சா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வாந்தி எடுத்து எழுந்தவர்கள் சிரிக்கவில்லை.

இஞ்ஞாசிமுத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "சார், ஒரு மூட்டை கரியும் ஒரு மணி நேரமும் குடுங்க. பூசுனது வெள்ளீயமா காரீயமான்னு அண்டாவே சொல்லும். போன வழியயும் சொல்லும்."

"அண்டா எப்படிப்பா சொல்லும்?"

"நான் சொன்னா நம்புவீகளா? அதான் அண்டாவச் சொல்லச் சொல்றேன்."

பொன்னுராஜ் வயதில் சின்னவர், சட்டை மடிப்புக் கலையாதவர். ஆனாலும் கேட்கத் தெரிந்தவர். சரி என்றார்.

மதலேனாள் துருத்தியோடு வந்தாள். அண்டாவைக் கழுவி, காயவைத்து, தணல் மேல் பக்கவாட்டில் சாய்த்தார்கள். நவாச்சாரம் போடவில்லை. வெறும் சூடு. குறடு இரண்டு தட்டுத் தட்டியது, துருத்தி மெல்ல மூச்சு விட்டது. அண்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினார். கூட்டம் நெருங்கி வந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பொன்னாக மின்னிய உள்புறம் சோளத்தட்டை நிறமாயிற்று. பிறகு அங்கங்கே ஆரஞ்சு. பிறகு கத்தரிப்பூ. அந்தக் கத்தரிப்பூ எல்லா இடத்திலும் வரவில்லை. விசிறி விசிறியாக வந்தது. அடியிலிருந்து மேலே வளைந்து ஏறும் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தவை, ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். பட்டைகள் கறுக்கக் கறுக்க, இடையிடையே அகப்படாமல் தப்பிய இடுக்குகள் மட்டும் வெளுத்தே நின்றன. அடியும் பக்கமும் சேரும் மூட்டில், கை நுழையாத இடத்தில், வெள்ளைத் துளிகள் வேர்வை மாதிரிப் பூத்தன.

"ஈயம் இருக்குற எடத்துல காத்து குந்த முடியாது சார். அதான் வெள்ளையா நிக்கிது. ஈயம் போன எடத்துல மட்டும் காத்து குந்துது. அந்தக் கறுப்பு அதுதான்."

குறடு ஒரு தட்டுத் தட்டியது. துருத்தி நின்றது. மூட்டிலிருந்த துளிகளை இரும்புக் கம்பியால் வழித்து ஒன்றுசேர்த்து, செங்கல் பள்ளத்தில் வார்த்தார். விரல் நீளத்துக்கு ஒரு குச்சி ஆயிற்று. ஆறியதும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"ஒங்க வெள்ளைக் காயிதத்துல தேய்ங்க."

பொன்னுராஜ் தேய்த்தார். கறுப்புக் கோடு விழவில்லை.

"இப்ப காதோரம் வச்சு வளைங்க."

வளைத்தார். அவர் முகம் மாறியது. குச்சியைத் திருப்பி இன்னொரு முறை வளைத்தார்.

"கத்துதே!"

"காரீயம்னா கத்தாது சார். இது பினாங்கு ஈயம். எங்கிட்ட ஏழு குச்சி இருந்துச்சு. இதுல நாலு."

இன்ஸ்பெக்டர் குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அண்டாவுக்குள் தலையை நீட்டினார். "அப்ப இந்தப் பட்டை எல்லாம்?"

"தேச்ச கை சார். புளியும் செங்கத்தூளும் போட்டு."

அந்த வார்த்தை வாயை விட்டுப் போனதுமே, அது எங்கே போய் விழும் என்று இஞ்ஞாசிமுத்துவுக்குத் தெரிந்துபோயிற்று. கருத்தக்கண்ணன் அதை நிலத்தில் விழ விடவில்லை.

"கேட்டீகளா சார்! துலக்குனவ இவதான். ஏ சங்கிலி! இங்கன வாடி! இருநூறு பேருக்கு வெஷம் வச்சுட்டியேடி, பாவி! புளி போடாதன்னு ஈயக்காரன் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான போனான்!"

சங்கிலியம்மாளைக் கூட்டம் முன்னால் தள்ளியது. இளைத்த பெண். உதடு வெடித்திருந்தது. அவளும் இரண்டு நாள் படுத்துக் கிடந்து எழுந்தவள்தான். கறுத்த பட்டைகளைப் பார்த்தாள். கையை நீட்டி, சூடு தாங்காமல் ஒரு விரற்கடை மேலேயே வைத்து, பட்டை போன வழியே ஓட்டினாள். தோளிலிருந்து விரல் நுனி வரை அளவு சரியாக இருந்தது.

"நான்தாண்ணே தேச்சேன்" என்றாள். "வெள்ளையா மங்கலா இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். செவப்பு வந்ததும் சுத்தமாயிருச்சுன்னு... நானும் அதைத்தானண்ணே குடிச்சேன். எம்புள்ளைக்கும் ஊத்துனேன்."

"நடிக்கிறா சார். எழுதுங்க. சங்கிலியம்மா, வயசு முப்பது..."

இஞ்ஞாசிமுத்துவின் பெயர் சுத்தமாகிவிட்டது. அவர் துருத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மதலேனாள் அவர் முகத்தைப் பார்த்தாள். நாறுகிற பாத்திரத்தை மோந்த முகமாக அது இருந்தது. ஆனால் அவர் இப்போது எதையும் மோக்கவில்லை, கருத்தக்கண்ணனின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா" என்று சங்கிலியம்மாளைக் கூப்பிட்டார். "தேய்க்க எம்புட்டுப் புளி ஆச்சு?"

"நாளைக்கு ஒரு படி ஆகும்ணே."

"ஒம்பது நாளைக்கு ஒம்பது படி. ஒன் வீட்டுலருந்து கொண்டாந்தியா?"

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். மாசக்கணக்காகப் புளிக் குழம்பின் வாசனையே படாத ஊர் அது.

"ஒம்பது படி புளி இருந்தா இவ இங்கன வந்து ஏன் கூழுக்கு நிக்கிறா?" என்று ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "ஊருக்கே ரசம் வச்சிருக்க மாட்டாளா?"

"யாரு அளந்து குடுத்தாக ஆத்தா?" என்று இஞ்ஞாசிமுத்து கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாக் கண்ணும் தோப்புவீட்டுக் களஞ்சியக் கதவுக்குப் போயிற்று. அதன் சாவி கருத்தக்கண்ணன் இடுப்பிலேதான் தொங்கியது. அவர் வேட்டியை இறுக்குவது போலக் கையை அதன் மேல் வைத்தார்.

"ஐயாகிட்ட நான் சொன்னது நெசம்" என்றார் இஞ்ஞாசிமுத்து. "சொல்ல வேண்டிய ஆளுகிட்டச் சொல்லல. அது என் தப்பு. தேய்க்கப்போற கை கெணத்தடியில நின்னுச்சு. நான் வெத்தல மெல்லுற வாய்க்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

பொன்னுராஜ் பேனாவை மூடினார். அண்டாவுக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஆள் பெயர் எதுவும் இல்லாமல், பாத்திரத்தில் ஈயம் தேய்ந்துபோனதால் ஏற்பட்ட வாந்தி என்று எழுதினார். அதிலும் கருத்தக்கண்ணன் பெயர் இல்லாதது கூட்டத்தில் பலருக்குக் கசந்தது. ஆனால் சங்கிலியம்மாள் பெயரும் இல்லை.

"இந்த அண்டாவுல இனிக் கூழ் கூடாது. தொட்டிய மூடிரணும்" என்றார்.

அதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. வாந்தி எடுத்த அதே ஜனங்கள்தான். மூடினால் நாளைக்கு என்ன குடிப்பது? ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். இஞ்ஞாசிமுத்துவுக்கு இதுதான் எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது. விஷம் ஊற்றியவன் வாசலிலேயே மறுபடி கை நீட்டி நிற்க வேண்டிய பசி.

அவர் மதலேனாளைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்தது.

"மிச்சம் மூணும் போகணுமா?" என்றாள்.

"போகட்டும்."

"போனா அப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்ல."

"இருந்தா மட்டும் யாருக்குப் பூசப் போறோம்?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், சாம்பல் பானையிலிருந்து மூன்று குச்சியையும் எடுத்து வந்தாள்.

மூன்று குச்சி முழு அண்டாவுக்குப் போதாது. இஞ்ஞாசிமுத்து பச்சைக் கோடு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். அதற்கு மேல் நாலு விரற்கடை அளந்து, கரியால் சுற்றிலும் வட்டம் போட்டார். கூழும் காற்றும் சந்திக்கிற கோடு அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். வட்டத்துக்குக் கீழே மட்டும் பூசுவது என்று வைத்துக்கொண்டார்.

தொடங்குவதற்கு முன்னால் கருத்தக்கண்ணன் கிட்டே வந்தார். இஞ்ஞாசிமுத்து அவரைப் பார்க்காமலே, "தள்ளி நில்லுங்க ஐயா, பொக கடிக்கும்" என்றார். சங்கிலியம்மாளைக் கூப்பிட்டு அண்டாவின் வாயோரத்திலேயே உட்கார வைத்தார். அவள் கூச்சப்பட்டாள். தொழில் செய்கிற அடுப்பருகே அவளை யாரும் அதுவரை உட்காரச் சொன்னதில்லை.

"நல்லாப் பாத்துக்க ஆத்தா. இந்தா, நவாச்சாரம் போடுறேன். கறுப்பு ஓடுதா? செம்பு முழிக்குதா? இப்ப ஒரு மூச்சுதான் நேரம்." ஈயம் வெள்ளி வாய்க்காலாக ஓடியது, பஞ்சு வீச்சில் பரவி நின்றது. "இம்புட்டுத்தான் இது. வெங்காயச் சருகு கனத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. இது போனா புள்ளைக்கு ஊத்துறது கூழு இல்ல."

"பொகையா இருக்கேண்ணே, ஒண்ணும் தெரியல" என்று இருமினாள்.

"அப்ப இன்னும் கிட்ட வா."

பொன்னுராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ காத்து காத்துங்கிறியே, அதுக்குப் பேரு இருக்குப்பா" என்றார். "பிராணவாயு. நாம மூச்சு விடுறோமே, அதே வாயுதான். அதுதான் செம்புல போய் ஒட்டுது."

இஞ்ஞாசிமுத்து பஞ்சை நிறுத்தாமலே கேட்டார். "நம்ம உசுரக் காக்குற அதே காத்தா?"

"அதேதான்."

"சீ" என்றார். அடுத்த வீச்சை முடித்துவிட்டு, "அது மேல கோவப்பட முடியாது சார். அது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரித்தான் குந்துது. மனுசன்தான் ஆளப் பாத்துக் குந்துறான்" என்றார்.

வேலை முடிந்தபோது, அண்டாவின் கீழ்ப்பாதி மங்கலாக வெளுத்திருந்தது. மேல்பாதியில் கறுத்த பட்டைகள் அப்படியே நின்றன. அவர் அண்டாவைக் கருத்தக்கண்ணனிடம் காட்டவில்லை. சங்கிலியம்மாளின் கையைப் பிடித்து வெளுப்பின் மேல் வைத்தார்.

"இதச் சாம்பலாலதான் தொடணும். கரிக்கோட்டுக்கு மேல கூழ் ஏறக்கூடாது. ராத்திரி புளிக்கவிடுறது மண்பானையில. ஒங்கிட்டத்தான் ஒப்படைக்கிறேன். வேற யாரு வந்து மாத்திச் சொன்னாலும் ஏம் பேரச் சொல்லு."

அதற்குப் பிறகு உலகச் சண்டை முடிகிற வரை அவர் ஈயம் தொடவில்லை. தொடுவதற்கு இல்லை. கரிமூட்டத்திலேயே இருமிக்கொண்டு காலம் போயிற்று. மறுபடி வெள்ளீயம் வந்து, துருத்தியைத் தூக்கியபோது, அவரிடம் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருந்தது. எந்த வீட்டு வாசலில் பாத்திரத்தை இறக்கினாலும் முதலில் கேட்பது, "இதத் துலக்குறது யாரு?" வீட்டுக்காரர் தன்னிடம் சொன்னால் போதும் என்பார். "ஒங்க கையக் காட்டுங்க" என்பார் இவர். கையில் சாம்பல் ஏறாத ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். துலக்குகிறவள் மாட்டுக்கொட்டிலில் இருந்தாலும், வயலில் இருந்தாலும், அவள் வந்து பக்கத்தில் உட்காரும் வரை அடுப்பில் நெருப்பு வைக்க மாட்டார். பெரிய வீடுகள் சில இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் களிம்பு தின்றார்கள்.

கருத்தக்கண்ணனுக்குப் பட்டம் வந்ததா என்று யாரும் பிறகு பேசவில்லை. வாந்தி நடந்த அந்த வருஷமே அவர் ஒரு நாள் கூழ்த்தொட்டிப் பக்கம் போய் அண்டாவை எட்டிப் பார்த்தார். மேல்பாதியில் சங்கிலியம்மாளின் கைவீச்சு அத்தனையும் கறுப்பாக நின்றுகொண்டிருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைக் காட்டி ஒன்பது படி புளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கறுப்பத் தேச்சு எடு" என்றார் அவளிடம்.

அவள் தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டு, கரிக்கோட்டுக்குக் கீழேயே துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கோட்டுக்கு மேல தொடக்கூடாதுன்னு ஈயக்காரவுக சொல்லிருக்காக" என்றாள்.